பத்து நிமிடத் தண்ணீரைப் பிடுங்கியவர்களா நமக்கு வழிகாட்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஈப்போ அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அமெரிக்கப் பழமைவாதிகளிடமிருந்து மலேசிய இந்தியர்கள் பாடம் கற்றுக்கொள்ள வேண்டும், அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் சொந்தக் காலில் நிற்பதையும் குடும்பத்தையும் கடவுள் பக்தியையும் உழைப்பின் மரியாதையையும் அவர்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், நாம் உதவித்தொகை, சங்கம், போராட்டம் என்றே பழகிப்போய்விட்டோம் என்பது அவர் கருத்து. படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அவர் மேல் கோபம் இல்லை, நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பாராட்டு போய்ச் சேருகிற இடம் தப்பான இடம்.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பால்மரம் வெட்டினேன், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டினேன், தொழிற்சங்கக் கிளையில் செயலாளராகவும் இருந்தேன். இப்போது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், மகன் வீட்டோடு இருக்கிறேன். அமெரிக்காவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்டுச் செய்திகளைப் பல வருடமாக விடாமல் கவனித்து வருகிறேன், அதற்கும் மேலே, ஒரு தொழிலாளியின் கையில் இருப்பதை எப்படிப் பிடுங்குவார்கள், பிடுங்கும்போது என்னென்ன பேசுவார்கள் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழமையோடு எனக்குச் சண்டை கிடையாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் கவுச்சி வாசமே அடிக்காத வீடு எங்கள் வீடு. பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போட மாட்டோம், கடன் வாங்கப் பயப்படுவோம். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய், பிள்ளைகளை ஒழுங்காக வளர்த்து, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தை நான் ஏன் குறை சொல்லப் போகிறேன்? நான் பேசுவது ஓர் அரசியல் இயக்கத்தைப் பற்றி. 1950களில் கிளம்பி, 1964இல் பேரி கோல்ட்வாட்டரை அதிபர் வேட்பாளராக நிறுத்தித் தோற்று, 1980இல் ரோனல்ட் ரேகனை வைத்து ஜெயித்து, இன்று டோனல்ட் டிரம்ப் வரைக்கும் வந்து நிற்கிற இயக்கம். குடியரசுக் கட்சிதான் அதன் வீடு. அது அந்தச் சாதாரணக் குடும்பத்தின் பெயரைச் சொல்லித்தான் ஓட்டு வாங்குகிறது, ஜெயித்து வந்ததும் அதே குடும்பத்தின் அடிமடியில்தான் கை வைக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின், டல்லாஸ் ஆகிய இரண்டு நகரங்களில் கட்டுமானத் தொழிலாளிகளுக்காக ஒரு விதி இருந்தது. 4 மணி நேர வேலைக்கு 10 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம், நிழலில் உட்காரலாம், அவ்வளவுதான். 2023 ஜூன் மாதம், டெக்சாஸில் வெயில் கொளுத்துகிற நேரத்தில், நகரங்கள் இந்த மாதிரி விதி போடுகிற அதிகாரத்தையே பறிக்கும் ஒரு சட்டத்தில் ஆளுநர் கிரேக் அபோட் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் ஃபுளோரிடாவில் ஆளுநர் ரோன் டிசாண்டிஸ் அதே மாதிரி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மயாமி வட்டாரத்தில் வெளிவேலை செய்கிறவர்களுக்கு வெப்பத்திலிருந்து பாதுகாப்பு தரும் விதி ஒன்று வரப் பார்த்தது, மாநிலச் சட்டம் அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. இரண்டு பேரும் இந்த இயக்கத்தின் முன்னணித் தலைவர்கள். தொழிலை முடக்கும் கட்டுப்பாடுகளை நீக்குகிறோம் என்பதுதான் அவர்கள் தரப்பில் சொன்ன காரணம்.

குலை வெட்டியவர்களுக்கு அந்த 10 நிமிடம் என்ன என்று தெரியும். மரம் உயர்ந்துவிட்டால் நீளக் கம்பின் நுனியில் அரிவாளை மாட்டி, கழுத்தை அண்ணாந்து, சூரியன் கண்ணுக்கு நேரே அடிக்க, மட்டையை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு குலையை இழுக்க வேண்டும். மேலேயிருந்து தூசியும் பூவும் எறும்பும் கண்ணில் கொட்டும். பதினோரு மணிக்கெல்லாம் சட்டை நனைந்து காய்ந்து, முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் விட்டால் முதலில் கெண்டைக்கால் பிடிக்கும், அப்புறம் தலை சுற்றும், அப்புறம் கையில் இருக்கிற கம்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கீழே உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அவனுடைய மனைவியாகத்தான் இருக்கும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் நல்லவர் என்றால் நிழலில் உட்காரச் சொல்வார், கெட்ட மண்டோர் என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவார். மண்டோரின் குணத்தை நம்பி உயிரை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் விதி, சட்டம், சங்கம் எல்லாம் வந்தன. ஒரு மனிதன் வெயிலில் தண்ணீர் குடிக்கிற 10 நிமிடத்தைக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்து எடுத்துப் போடுகிறவர்கள் உழைப்பை மதிக்கிறவர்களா? ஈப்போ அன்பர் இதற்கு மட்டும் பதில் சொன்னால்கூடப் போதும்.

குடும்பம் என்று எழுதியிருந்தார். சரி, குடும்பத்துக்கே வருவோம். பிள்ளை பெற்ற தாய்க்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சட்டம் இன்றுவரை கிடையாது. 1993இல் ஒரு சட்டம் வந்தது, அதுவும் சம்பளமில்லாத 12 வார விடுப்பு, அதுவும் எல்லாத் தொழிலாளிக்கும் கிடையாது. அந்தச் சம்பளமில்லாத விடுப்பைக்கூட அதற்கு முன் அதிபராக இருந்த குடியரசுக் கட்சியின் மூத்த புஷ் இரண்டு முறை தடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார். நம் நாட்டில் 2023 முதல் 98 நாள் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. தோட்டத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கும் அது உண்டு. என் அம்மா காலத்தில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு மார்பில் பால் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன பெண்களைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் இந்த 98 நாளின் மதிப்பு எனக்குத் தெரியும். குடும்பத்தை எது காப்பாற்றுகிறது, மேடையில் குடும்பம் குடும்பம் என்று பேசுவதா, பச்சை உடம்புக்காரியை மூன்று மாதம் வீட்டில் இருக்க விடுவதா?

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். 2023 பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு துப்புரவு நிறுவனத்தைப் பிடித்தது. 8 மாநிலங்களில் இறைச்சி ஆலைகளில் ராத்திரி ஷிப்டில், மாட்டை அறுக்கும் ரம்ப இயந்திரங்களைக் கடும் ரசாயனம் போட்டுக் கழுவுகிற வேலையில் 13 வயது முதல் 17 வயது வரையிலான 102 பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஆலைகளில் சில ஆர்கன்சாஸ் மாநிலத்தில் இருந்தவை. இதைக் கேட்டதும் அந்த மாநில ஆளுநர் சட்டத்தை இறுக்கியிருப்பார் என்றுதானே நினைப்போம். அடுத்த மாதமே சாரா ஹக்கபி சாண்டர்ஸ் அங்கே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார், அதன்படி 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு எடுக்க வயதைச் சரிபார்த்து, பெற்றோர் சம்மதம் வாங்கி, மாநில அனுமதிச் சீட்டு எடுக்கும் முறையே ரத்தானது. பெற்றோரின் உரிமை என்று ஊரெல்லாம் பேசுகிற இயக்கம் இது. பெற்றோர் கையெழுத்தை அங்கே சுமை என்று சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலை இருட்டில் அப்பா அம்மாவோடு போய் பால் வடிகிற மங்கு துடைத்து, கட்டிப்பால் பொறுக்கிவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் வகுப்பில் தூங்கி அடிவாங்கிய பிள்ளைகள் எங்கள் தலைமுறை. நிறையப் பேர் ஆறாம் வகுப்போடு நின்றார்கள். அதைப் பெருமையாகச் சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். பிள்ளையின் தூக்கத்தையும் படிப்பையும் எடுத்துத்தான் அந்தக் காலத்துத் தோட்டம் லாபம் பார்த்தது.

அப்புறம் ஐயோவா மாநிலம். பள்ளி விடுமுறை மாதங்களில் ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் பிள்ளைக்கு மாதம் 40 டாலர் அட்டையில் போட்டுத்தருகிறோம் என்று கூட்டரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2024 கோடை விடுமுறைக்கு அந்தப் பணமே வேண்டாம் என்று ஆளுநர் கிம் ரேனல்ட்ஸ் திருப்பிவிட்டார். பிள்ளைகள் உடல் பருமனால் கஷ்டப்படும் காலத்தில் இந்த அட்டை சத்துணவை வளர்க்காது என்று விளக்கம் வேறு. அவரைப் போலவே இன்னும் பல குடியரசுக் கட்சி ஆளுநர்களும் அந்த வருடம் மறுத்தார்கள். நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆர்எம்டி என்ற அரசாங்க உணவுத் திட்டச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தவர்கள், அந்தத் தட்டைத் தட்டிவிடுகிற ஆளை வழிகாட்டி என்று சொல்வார்களா?

இதெல்லாம் தானாக நடந்ததல்ல என்பதையும் அன்பர் தெரிந்துகொள்ள வேண்டும். 1971இல் லூயிஸ் பவல் என்ற வழக்கறிஞர் அமெரிக்க வர்த்தகச் சங்கத்துக்கு ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார். வியாபாரிகள் தற்காப்பாக இருந்தது போதும், பல்கலைக்கழகம், பத்திரிகை, நீதிமன்றம், அரசியல் எல்லா இடத்திலும் திட்டம் போட்டு இறங்குங்கள் என்பதுதான் அதன் சாரம். சில மாதங்களிலேயே அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1973இல் பழமைவாதிகளுக்குக் கொள்கை வகுத்துத்தரும் ஹெரிட்டேஜ் அறக்கட்டளை ஆரம்பமானது. அதே வருடம், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களையும் பெரிய நிறுவனங்களின் ஆட்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து மாதிரிச் சட்டங்களை எழுதித்தரும் அமைப்பும் வந்தது. ஒரு மாநிலத்தில் வருகிற தொழிலாளர் விரோதச் சட்டம் அடுத்த மாநிலத்தில் கிட்டத்தட்ட அதே வாசகத்தோடு வருவதற்கு இந்த மாதிரி ஏற்பாடுகள்தான் காரணம். 50 வருடப் பொறுமையான வேலை இது. பிடிவாதத்தையும் ஒழுங்கையும் பொறுத்தவரை அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

1981 ஜனவரியில் பதவியேற்ற அன்றே ரேகன், இன்றைய நெருக்கடியில் அரசாங்கம் தீர்வல்ல, அரசாங்கமே பிரச்சினை என்றார். அதே வருடம் ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000 பேருக்கு மேல் ஒரே உத்தரவில் வேலையிலிருந்து தூக்கினார். அந்தச் சங்கம் தேர்தலில் அவரை ஆதரித்த சங்கம் என்பதை மறக்கக் கூடாது. அதன்பிறகு தனியார் முதலாளிகளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. 1983இல் அமெரிக்கத் தொழிலாளிகளில் 100க்கு 20 பேர் சங்கத்தில் இருந்தார்கள், இப்போது சுமார் 10 பேர். பெரும் பணக்காரர்களின் உச்ச வருமான வரியை அவர் ஆட்சியில் 70 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக இறக்கினார்கள். ஆனால் கூட்டரசின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலையில் நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது, ஏற்றப் பார்த்தபோதெல்லாம் மேலவையில் முட்டுக்கட்டை. நம் நாட்டில் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று ஆரம்பித்த குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. போதாது என்று நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இன்னமும் போதாது. ஆனாலும் ஏறியது.

வரியைக் குறைத்தால் எல்லாம் தானாகச் செழிக்கும் என்பதைக் கன்சாஸ் மாநிலம் முயன்று பார்த்தது. 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் பெரிய அளவில் வரியை வெட்டினார். கஜானா காய்ந்தது. 2015இல் சில பள்ளி மாவட்டங்கள் பணமில்லாமல் வருடப் படிப்பைச் சில நாள் முன்னதாகவே முடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின. கடைசியில் 2017இல் அவருடைய சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அவர் எதிர்ப்பையும் மீறி அந்த வரிவெட்டைத் திரும்பப் பெற்றது. அந்த இயக்கத்தார் மேடையில் இதைச் சொல்வதில்லை.

சங்கம் நம்மைச் சோம்பேறியாக்கிவிட்டது என்கிறார் அன்பர். 1941இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் தலைமையில் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரை வந்தாலும் குமாஸ்தாவான கிராணி வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும் என்பது. சம்பளம் மட்டுமில்லை, சைக்கிளில் உட்கார்ந்தே போகிற மரியாதைக்கும் சேர்த்துத்தான் போராடினார்கள். பட்டாளம் வந்து சுட்டது, ஆட்கள் செத்தார்கள், நாதனை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். இந்த வரலாற்றுக்குப் பிறகு வந்த சலுகைகளை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இலவசம் என்று எழுதினால் வயிறு எரிகிறது.

சொந்தக் காலில் நிற்பதைப் பற்றியும் சொல்கிறேன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று ஜனங்களைத் தெருவில் நிறுத்தியபோது, எங்கள் ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள், தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். எங்கள் ஜனங்கள் சொந்தக் காலில் நின்றது இப்படித்தான், ஆயிரக்கணக்கான கால்கள் சேர்ந்து நின்று. அமெரிக்க இயக்கம் சொல்கிற சொந்தக் கால் அதுவல்ல, நீ தனியாக நில், விழுந்தால் அது உன் தலைவிதி என்பது.

தலைவிதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் மனைவிக்கு இனிப்புநீர். இன்சுலின் ஊசி இல்லாமல் அவருக்கு ஒரு நாள் ஓடாது. ஊசி போடுகிற பேனாவைக் குளிர்பெட்டியின் கதவுப் பக்கம் முட்டைக்குக் கீழே அடுக்கி வைத்திருப்பார், சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றுச் சதையை இரண்டு விரலில் பிடித்துப் போட்டுக்கொள்வார். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கொடுத்துப் பதிந்து, காத்திருந்து, மருந்தையும் வாங்கிக்கொண்டு வருகிறோம். காத்திருப்பது நீளம்தான், சில நாள் காலையில் போனால் மத்தியானம் ஆகிவிடும், அதைக் குறையாகச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் பணமில்லை என்று மருந்தை நிறுத்த வேண்டிய நிலை எங்களுக்கு வந்ததில்லை. அமெரிக்காவில் காப்பீடு இல்லாததால் இன்சுலினைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டு உயிரை விட்டவர்கள் உண்டு. 2022 ஆகஸ்டில் தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் இன்சுலின் செலவு மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி மேலவைக்கு வந்தது. ஆதரவாக 57 ஓட்டு, தேவைப்பட்டது 60. எதிர்த்து ஓட்டுப் போட்ட 43 பேரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். அவர்கள் கட்சியிலேயே 7 பேர் மனசாட்சிப்படி ஆதரித்தார்கள், அவர்களை நான் மதிக்கிறேன்.

ஏழைகளுக்கான மெடிகேய்ட் மருத்துவ உதவியை விரிவாக்கச் செலவில் பெரும்பங்கைக் கூட்டரசே தருகிறேன் என்றது. அதையும் ஏற்காத மாநிலங்கள் 10 இருக்கின்றன, டெக்சாஸும் ஃபுளோரிடாவும் மிசிசிப்பியும் அதில் அடக்கம். 2025 ஜூலை 4ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்த மெடிகேய்ட்டையே வெட்டுகிறது. 2034க்குள் சுமார் 1 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்று அவர்கள் நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. அதே சட்டத்தில்தான் வசதியானவர்களுக்குப் பெரிய வரிச்சலுகையும் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஏழை வெள்ளைக்காரத் தொழிலாளிகள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நான் நிறைய யோசித்த கேள்வி. 1950களின் கடைசியில் அலபாமாவின் மாண்ட்கோமரி நகரத்தில் பொதுப் பூங்காக்களில் கறுப்பினத்தவரையும் அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நகராட்சி என்ன செய்தது தெரியுமா? பூங்காக்களையே மூடிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்த குளத்தையும் மண்ணடித்து மூடியது. கறுப்பனோடு சேர்ந்து அனுபவிப்பதைவிடத் தன் பிள்ளைக்கும் இல்லாமல் போனால் பரவாயில்லை என்கிற அந்த மனநிலை இருக்கிறதே, அதன்மேல்தான் இந்த இயக்கம் தெற்கு மாநிலங்களில் வீடு கட்டியது. அன்றைக்கு அங்கே ஆண்டவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்பதும் உண்மைதான். ஆனால் 1964இல் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் குடியுரிமைகள் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட கோல்ட்வாட்டர், தன் சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர ஜெயித்தது தெற்கின் 5 மாநிலங்களில் மட்டும்தான். அந்த ஓட்டு எதற்காக வந்தது என்று கட்சிக்குப் புரிந்துவிட்டது, அதன்பிறகு அதை விடவே இல்லை. உன் சம்பளத்தைக் கேட்காதே, உன் பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன போகிறது என்று பார் என்று இரண்டு மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நம் தோட்டத்தில் துரைமார்கள் தமிழனுக்கும் சீனனுக்கும் வெவ்வேறு சம்பளம் வைத்ததும், ஒரே லயத்தில் சாதிச்சண்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் வேறு எதற்காக?

அப்புறம் அதை ஊதிப் பெரிதாக்க வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. சர்ச்சைக்குரிய விஷயத்தில் மறுபக்கத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதியை 1987இல் எடுத்தார்கள், அடுத்த வருடமே பழமைவாத வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்போவின் நிகழ்ச்சி நாடு முழுக்கப் போனது, 1996இல் ஃபாக்ஸ் செய்தி அலைவரிசை வந்தது. 2020 தேர்தலில் மோசடி என்ற பொய்யைப் பரப்பியதற்காக அந்த அலைவரிசை 2023இல் ஓட்டு இயந்திர நிறுவனம் ஒன்றுக்கு 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே பொய்யை நம்பித்தான் 2021 ஜனவரி 6ஆம் தேதி ஒரு கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து காவலர்களை அடித்தது. டிரம்ப் திரும்ப வந்த முதல் நாளே அவர்களில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்புக் கொடுத்தார். சட்டம் ஒழுங்கு என்று பேசுகிற இயக்கம் காவலரை அடித்தவனை வெளியே விட்டது.

இந்தப் பேச்செல்லாம் இங்கேயும் வந்துவிட்டது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் இளைஞர்கள் கைப்பேசியில் பார்க்கிற காணொளிகள் காதில் விழுகின்றன. டிரம்ப் மாதிரி ஒரு ஆள் நமக்கும் வேண்டும், வங்காளதேசிகளையும் இந்தோனேசியர்களையும் அடித்து விரட்ட வேண்டும் என்று பேசுகிறார்கள். பேசுகிற பையனின் கொள்ளுத்தாத்தா ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டு பினாங்கில் வந்து இறங்கியவர். அன்றைக்கு நம்மைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைகளை, மலிவாக வேலை செய்கிறான், அழுக்காக இருக்கிறான், சம்பளத்தைக் கெடுக்கிறான் என்பதை, இன்றைக்கு நம் வாயால் இன்னொருவனைப் பார்த்துச் சொல்கிறோம். தோட்டத்தில் இன்று குலை வெட்டுகிறவன் அவன்தான். அவன் சம்பளத்தைக் குறைத்து வைத்திருப்பவர் யாரோ அவர்தான் நம் சம்பளத்தையும் குறைத்து வைத்தவர்.

ஜனநாயகக் கட்சியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. மெக்சிகோவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு, 1994 முதல் தொழிற்சாலைகள் எல்லை தாண்டிப் போக வழிவிட்டவர் அந்தக் கட்சியின் பில் கிளிண்டன்தான். வேலை போன ஊர்களின் கோபம் உண்மையான கோபம். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டச் சொன்னார்கள் என்பதில்தான் என் வழக்கு.

அந்த ஊர்க்காரர்களிடம் கட்சி பெயர் இல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. மிசூரி பழமைவாதிகளின் கோட்டை, ஆனால் 2018இல் தொழிற்சங்கத்தைப் பலவீனமாக்கும் சட்டம் வேண்டுமா என்று மக்களிடம் ஓட்டுக்கு விட்டபோது 3இல் 2 பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். 2020இல் அதே மாநிலம் மெடிகேய்ட் விரிவாக்கத்துக்கு ஆம் என்றது, ஓக்லஹோமாவும் அப்படியே. 2024இல் மிசூரி மக்கள் சம்பளத்தோடு நோய் விடுப்பு வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள், மறு வருடமே குடியரசுக் கட்சிச் சட்டமன்றமும் ஆளுநரும் சேர்ந்து அதை ரத்து செய்தார்கள். மக்கள் கேட்டது ஒன்று, அவர்கள் பெயரில் ஆள்கிறவர்கள் செய்தது வேறு.

2024 ஏப்ரலில் டென்னசியின் சாட்டனூகா நகரத்தில் வோக்ஸ்வேகன் தொழிற்சாலையில் சங்கம் வைக்கலாமா என்று ஓட்டெடுப்பு. அதற்கு முன் இரண்டு முறை தோற்ற இடம். தெற்கு மாநிலங்களின் 6 குடியரசுக் கட்சி ஆளுநர்கள் சேர்ந்து அறிக்கை விட்டார்கள், சங்கம் வந்தால் வேலைகள் ஆபத்துக்குள்ளாகும் என்று. தொழிலாளிகளில் 73 சதவீதம் பேர் சங்கம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆசிரியர் அவர்களே, டிரம்ப் என்ன பேசினார், யாரைத் திட்டினார் என்ற செய்தி உங்கள் நாளிதழில் தினமும் வருகிறது. சாட்டனூகா போன்ற செய்திகளுக்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். நம் நாட்டிலும் சங்கத்தில் இருப்பவர்கள் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, தோட்டங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் சங்க வாசலையே மிதித்ததில்லை. எங்கள் வட்டாரத்தில் அவர்களைச் சேர்ப்பதில் உள்ள சிக்கல்களைப் பற்றி, மொழிப் பிரச்சினை முதல் முகவர்களின் மிரட்டல் வரை, தனியாக எழுதி அனுப்புகிறேன், இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.